பொரோசா ஆற்றோடு ஒரு பகல்: காசோர்லா மலை அருவிகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பொரோசா பாதையின் முதல் ஏழு கிலோமீட்டர் ஆளை ஏமாற்றும். ஜீப் போகிற அகலத்துக்கு மண்பாதை, பக்கத்திலேயே பச்சையாக ஓடும் ஆறு, பைன் மர நிழல், தெரியாத அளவுக்கு மெதுவான ஏற்றம். குழந்தையைத் தோளில் உட்காரவைத்து நடப்பவர்கள்கூட எதிரே வருவார்கள். 'இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்?' என்று தோன்றும். நின்று நின்று படம் எடுப்போம், கல்லில் உட்கார்ந்து கதை பேசுவோம். ஆனால் பெரிய அருவி இருப்பது அதற்கும் மேலே உள்ள நான்கு கிலோமீட்டரில். மூச்சு வாங்கவைக்கும் ஏற்றமும், மலையைக் குடைந்த சுரங்கங்களும் அங்கேதான். அங்கே போய்ச் சேரும்போது மணி மூன்றாகியிருந்தால், ரசிக்கவும் முடியாது, நிம்மதியாகத் திரும்பவும் முடியாது.

அந்த மூன்று மணியை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் எந்த இடம் அழகு என்பதைவிட எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அதிகம் வரும்.

இடம் எது?

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், ஹயென் மாகாணத்தின் கிழக்கு ஓரம். காசோர்லா, செகூரா, லாஸ் வில்யாஸ் என்ற மூன்று மலைத்தொடர்களையும் சேர்த்து 1986இல் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே 1983இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டிருந்தது. பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஸ்பெயினில் இதைவிடப் பெரிய இயற்கைப் பூங்கா வேறு இல்லை. அதனால் 'காசோர்லாவுக்குப் போனோம், எல்லாம் பார்த்துவிட்டோம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வண்டியில் போகவே அரை நாள் வேண்டும்.

மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. இது தெரிந்தால் அருவிகளின் போக்கு பாதி புரிந்துவிடும். மேலே பெய்கிற மழையும் பனியும் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, மலைக்குள்ளேயே பயணம் செய்து, கீழே எங்கோ ஊற்றாக வெளிப்படுகின்றன. இப்படி ஊற்றிலிருந்து பிறக்கிற ஆறுகளில் கோடையிலும் தண்ணீர் இருக்கும். பொரோசா அந்த வகை. மழையை மட்டும் நம்பியிருக்கிற ஓடைகள் ஜூலை வந்தால் வறண்டுவிடும்; அவற்றின் அருவிகள் அப்போது வெறும் பாறைக் கறைதான். மத்தியதரைக் கடல் பக்கத்துப் பருவம் நம் ஊர் மாதிரி இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்: மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில்.

எப்போது போவது?

மார்ச் கடைசியிலிருந்து மே முடிவு வரைக்கும் எனக்குப் பிடித்த காலம். பனி உருகி அருவிகள் நிறைந்திருக்கும், வெயில் தாங்கும், பகலும் நீளம். மே மாத வாக்கில் பாறை வெடிப்புகளில் சிவந்த ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூ தெரிந்தால் நின்று பாருங்கள். காசோர்லா வயலட் என்பார்கள். இந்த மலைகளையும் சுற்றியுள்ள சில மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மண் இல்லாத செங்குத்துப் பாறையில் எப்படி வேர் பிடிக்கிறது என்பதே ஆச்சரியம். பறிக்காதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். பொரோசா ஓடும், ஆனால் ஏற்றத்தில் நிழல் குறைவு. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் விடியும்போதே நடக்கத் தொடங்கிவிடுங்கள். கோடை முழுக்கக் காட்டில் தீ மூட்டத் தடை. டீ போட அடுப்புக் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம், சிகரெட்டும் அப்படித்தான்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் செம்மான்கள் இணை தேடிக் கத்துகிற பருவம். மாலையில் பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சத்தம் எதிரொலிக்கும். முதல்முறை கேட்டபோது யாரோ மாட்டை வதைக்கிறார்கள் என்று நினைத்தேன். இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் உண்டு: திடீர்ப் பெருமழை. நாள் கணக்காக வெயில் அடித்துவிட்டு, ஒரே பகலில் கொட்டித் தீர்த்துவிடும். குறுகிய பாறை இடுக்குகளுக்குள் நடக்கிற பாதை என்பதால், முந்தைய நாள் இரவு ஸ்பெயின் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஆரஞ்சு நிறம் இருந்தால் அன்று ஊருக்குள் காபி குடிக்கிற நாள்.

குளிர்காலத்தில் கூட்டமே இருக்காது, ஆனால் மேல்பாதையில் பனிக்கட்டி உறையும். முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது?

கிரனாடாவிலிருந்தும் ஹயெனிலிருந்தும் காசோர்லா ஊருக்குப் பேருந்து உண்டு. ஆனால் அருவிகள் ஊரில் இல்லை. அவை மலைக்கு அந்தப் பக்கம், குவாதல்கிவிர் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அதனால் கார் இல்லாமல் வந்தால் பாதி நாள் வண்டிக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும். நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

கிரனாடா பக்கமிருந்து வரும்போது கடைசி ஒரு மணி நேரம் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒலிவ மரங்கள் மட்டுமே. ஹயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேல் ஒலிவ மரங்கள் இருக்கின்றன. சீப்பால் வாரியது போல வரிசை. அந்த வரிசை முடிகிற இடத்தில் சட்டென்று சாம்பல் நிற மலைச்சுவர் எழும்பும். அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற வெள்ளை ஊர்தான் காசோர்லா.

தங்குவதற்கு இரண்டு வழி. காசோர்லா ஊரில் தங்கினால் கடைகள், உணவகங்கள், பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு; ஆனால் பொரோசா தொடங்கும் இடத்துக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வளைந்து போக வேண்டும். புருன்செல் கிராமத்தைத் தாண்டி, பலோமாஸ் கணவாயில் ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, பள்ளத்தாக்குக்குள்ளேயே அர்ரோயோ ஃப்ரியோ அல்லது கோதோ ரியோஸ் கிராமத்தில் தங்குவது. இங்கிருந்து காலையில் பாதைக்குச் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் பெட்ரோலைக் காசோர்லாவிலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். மூன்று நாள் இருப்பதாக இருந்தால் முதல் இரவு ஊரில், அடுத்த இரண்டு இரவு பள்ளத்தாக்கில் என்று பிரிப்பதுதான் என் வழக்கம்.

கணவாய்ச் சாலையில் இருட்டியபின் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள். வளைவு பிரச்சினையில்லை, வளைவின் நடுவில் நிற்கிற மானும் காட்டுப்பன்றியும்தான் பிரச்சினை.

முதல் இரண்டு நாள்: கால்களைப் பழக்குவது

வந்து இறங்கிய அன்றே பெரிய பாதைக்குப் போக வேண்டாம். காசோர்லா ஊருக்குள் சாந்தா மரியா சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே கூரையில்லாத, பாதி இடிந்த பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் அடியிலேயே செரெசுவேலோ ஆறு ஓடுகிறது. தேவாலயம் கட்ட இடம் போதாமல், ஆற்றின்மேல் கல் வளைவுகளால் கூரை போட்டு அதன்மேல் கட்டிவிட்டார்கள். சதுக்கத்திலிருந்து ஆற்றை ஒட்டி மேல்நோக்கி ஒரு சின்ன நடைபாதை போகிறது. மரப்பாலங்கள், குட்டி அருவிகள், மேலே கோட்டை. ஒரு மணி நேரம் போதும். புது ஷூ எங்கே கடிக்கிறது என்று கண்டுபிடிக்க இது நல்ல இடம்.

மறுநாள் காலை பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியில் வாதில்யோ காஸ்த்ரில் பக்கம் திரும்புங்கள். அங்கே 'செர்ராதா தெல் உத்ரேரோ' என்று பலகை இருக்கும். இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிற வட்டப் பாதை, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். பிறந்து சில கிலோமீட்டரே ஆன குவாதல்கிவிர் ஆறு இங்கே செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே நுழைகிறது. இதே ஆறுதான் 657 கிலோமீட்டர் ஓடி, கோர்தோபா, செவில்யா நகரங்களைத் தாண்டி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. இங்கே அதைப் பார்த்தால் நம்ப முடியாது.

இந்த இடுக்கில்தான் லினாரெஹோஸ் அருவி விழுகிறது. பாறைமுகத்தை ஒட்டி வெள்ளை நூல் போல நீளமாக இறங்கும். மழை பெய்த வாரத்தில் நூல் சேலையாகும். ஆகஸ்டில் ஒன்றுமே இருக்காது. இது மழை ஓடையின் அருவி என்பதை மறக்காதீர்கள். எதிர்ச்சுவரில் பாறுக் கழுகுகள் கூடு கட்டியிருக்கின்றன. காலை பத்து மணிக்கு மேல், பாறை சூடேறிக் காற்று மேலே எழும்பத் தொடங்கியதும், அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, இறக்கையே அடிக்காமல் வட்டமிடும். அதிர்ஷ்டம் இருந்தால் தாடிக் கழுகும் தெரியலாம். எலும்பை மேலே தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்கிற பறவை. 1980களில் இந்த மலைகளில் அது அடியோடு அற்றுப்போனது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளை 2006இலிருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாதில்யோவில் ஒரு காலத்தில் ஸ்பெயின் ரயில்வேயின் மரம் அறுக்கும் ஆலை இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகள் இங்கே தயாராயின. அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், இந்தக் காடுகளைக் கடற்படையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கடலே தெரியாத இந்த மலைப்பகுதியைக் 'கடல்சார் மாகாணம்' என்று பெயர் வைத்து ஆண்டார்கள். கப்பல் கட்டுகிற மரத்தை வெட்டி ஆற்றிலேயே மிதக்கவிட்டுக் கீழே கொண்டுபோனார்கள். நீங்கள் நடக்கப்போகிற ஆற்றோரப் பாதைகளைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும். இந்தக் காட்டுக்கு மனிதக் கால் புதிதல்ல.

பொரோசாவுக்கு முந்தைய இரவு

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றையும் விட முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கோடையென்றால் மூன்று. ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே ஆடு மேய்வதும் உண்டு, அப்படியே குடிக்க வேண்டாம். நெற்றியில் கட்டுகிற டார்ச், ஆளுக்கு ஒன்று. கைப்பேசி விளக்கு டார்ச் ஆகாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அடிப்பாகம் வழுக்காத ஷூ. மழைக்கோட்டு, மெல்லிய ஸ்வெட்டர். சுரங்கத்துக்குள் கோடையிலும் சில்லென்று இருக்கும். பாதைப் படத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் பெரும்பாலும் வராது. அவசர எண் 112. அது வேலை செய்யவும் சிக்னல் வேண்டும் என்பதால், எந்தப் பாதைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சாப்பாடு: மேலே கடை எதுவும் கிடையாது. உணவகத்தில் முந்தைய இரவே 'பொகதில்யோ' சொல்லிவைத்தால் கட்டித் தருவார்கள். நீள ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்தது. சைவம் என்றால் பாலாடைக்கட்டி கேளுங்கள். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு தோர்தில்யா (தடித்த ஆம்லெட்) வைத்தது பிரமாதம். சமையலறை உள்ள வீடு எடுத்திருந்தால் எலுமிச்சம்பழச் சாதம் கிண்டி எடுத்துப்போகலாம். நான் அப்படித்தான் செய்தேன். மேலே ஏரிக்கரையில் டப்பாவைத் திறந்தபோது பக்கத்தில் இருந்த குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் கொடுத்ததற்கு ஒரு பிடி பாதாம் பருப்பு கிடைத்தது.

பலகைகளைப் படிக்க ஐந்தாறு சொற்கள் தெரிந்தால் போதும். 'காஸ்காதா', 'சால்தோ' இரண்டும் அருவி. 'செர்ராதா' என்றால் இரு பாறைச்சுவர்களுக்கு நடுவே ஆறு நெருக்கி ஓடுகிற இடுக்கு. 'சார்கோ' மடு. 'அர்ரோயோ' ஓடை. 'நசிமியெந்தோ' ஆறு பிறக்கும் ஊற்று. 'பாஞ்யோ' குளியல், அதற்கு முன்னால் 'ப்ரோஹிபீதோ' இருந்தால் தடை. அருவி என்றாலே துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பழக்கம் நமக்கு. இங்கே அது செல்லாது. தடை இல்லாத இடத்திலும் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்; காலை நனைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மரத்திலோ கல்லிலோ வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு கோடுகள் இருந்தால் சிறிய வழித்தடம். வெள்ளையும் சிவப்புமானால் நெடுந்தொலைவு வழித்தடம். இந்தப் பூங்காவையே சுற்றி வருகிற நெடும்பாதை ஒன்று இருக்கிறது, அந்த வகை. இரண்டு கோடுகளும் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டிருந்தால் 'இது வழியில்லை, திரும்பு' என்று பொருள்.

பொரோசா: மணி வாரியாக

காலை 8 மணி. பிரதான சாலையில் தோர்ரே தெல் வினாக்ரே என்ற இடத்தில் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. அதற்கு எதிரே பிரிகிற சிறிய சாலை ஆற்றைக் கடந்து மீன்பண்ணை வரைக்கும் போகும். வண்டியை அங்கே நிறுத்த வேண்டும். வசந்தகால வார இறுதிகளில் ஒன்பதரைக்கெல்லாம் இடம் நிரம்பிவிடும். வண்டிக்குள் பார்க்கிற மாதிரி பை எதையும் வைக்காதீர்கள். வாகன நிறுத்தத்தில் நரி வந்து நின்றால் அழகாகத்தான் இருக்கும், பிஸ்கட் போடாதீர்கள். மனிதர் கையை நம்பிப் பழகிய நரி சாலையில் அடிபட்டுத்தான் சாகும்.

8.30க்கு நடை. முதல் ஒரு மணி நேரம் அந்த அகல மண்பாதைதான். ஆறு ஒருமுறை இடது பக்கம், பாலம் தாண்டியதும் வலது பக்கம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பகுதியில் பைன் கிளைகளில் பஞ்சுப் பொதி போலக் கூடுகள் தெரியும். அவற்றிலிருந்து கம்பளிப்பூச்சிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்த மாதிரி நீள வரிசையில் தரையில் போகும். குழந்தைகள் ஆசையாகக் குனிவார்கள், விடாதீர்கள். அந்த ரோமம் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும், கண்ணில் பட்டால் மருத்துவமனைதான். நாய் கூட்டிவந்திருந்தால் கயிற்றை விடவே விடாதீர்கள்.

சுமார் நான்கு கிலோமீட்டரில் வலது பக்கம் ஒற்றையடிப் பாதை பிரியும்: செர்ராதா தெ எலியாஸ். இங்கே ஆறு இரண்டு பாறைச்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிவிடுகிறது. நடக்க இடமில்லாததால் சுவரிலேயே மரப்பலகைப் பாதையைப் பொருத்தியிருக்கிறார்கள். காலடியில் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் தெரியும். ஆழமில்லாத இடத்தில் நிறமே இல்லை. ஆழத்தில் மயில்கழுத்து நிறம். எதிரே கூட்டம் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் இன்னொருவர் போக முடியும். மழை பெய்த மறுநாள் பலகை சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். இடுக்கு முடிந்ததும் மறுபடியும் மண்பாதையோடு சேர்ந்துவிடலாம்.

சிறு குழந்தைகளோடு வந்தவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். போய்வர எட்டு, ஒன்பது கிலோமீட்டர். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பொரோசாவின் அழகான பகுதி இதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு, நானும் பாதி அந்தக் கட்சி.

10.45 வாக்கில் நீர்மின் நிலையம் வர வேண்டும். சுமார் ஏழாவது கிலோமீட்டர். பழைய, சின்னக் கட்டடம். மேலேயிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர் இங்கேதான் இறங்குகிறது. உட்காருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வசந்தகாலத்தில் மணி 12ஐத் தாண்டியிருந்தாலும், அக்டோபருக்கு மேல் 11ஐத் தாண்டியிருந்தாலும் இங்கிருந்து திரும்பிவிடுங்கள். மழைமேகம் திரண்டாலும் அதேதான்.

இதற்கு மேல் பாதை குறுகி, கல்லாகி, நேராக மேலே ஏறத் தொடங்குகிறது. மொத்தப் பயணத்தின் சுமார் 600 மீட்டர் உயரத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசி நான்கு கிலோமீட்டரில்தான். மெதுவாக, பேச்சு நிற்காத வேகத்தில் ஏறுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மடு, அதற்கு மேல் ஒரு சின்ன அருவி. நிமிர்ந்தால் பிக்கோன் தெல் ஆசா என்ற பெரும்பாறை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். பாறைமேல் மலையாடுகள் ஓடினால் அழகு பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். அவை தட்டிவிடுகிற கல் நேராக உங்கள் பாதைக்குத்தான் வரும்.

பிறகு சால்தோ தெ லோஸ் ஓர்கனோஸ். பார்ப்பதற்கு முன்னால் சத்தம் கேட்டுவிடும். பெரிய பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் விழுந்து, நடுவில் உடைந்து, கீழே புகையாகிறது. ஏப்ரல் மாதத்தில் நான் நின்ற இடத்திலேயே கண்ணாடி முழுக்கத் திவலை. சட்டையால் துடைக்கத் துடைக்க மங்கியது. கடைசியில் கழற்றிவிட்டு, மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையை விட்டு அருவியின் அடிக்கு இறங்கப் பார்க்காதீர்கள். சுண்ணாம்பு படிந்த பாறை பாசியோடு சேர்ந்தால் எந்த ஷூவும் பிடிக்காது.

அருவியைத் தாண்டி ஏறினால் பாதை மலைக்குள்ளேயே நுழைந்துவிடும். இரண்டு சுரங்கங்கள், ஒன்று பெரியது. இவை நமக்காக வெட்டியவை அல்ல. மேலே ஏரியிலிருந்து மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்காலுக்காகக் குடைந்தவை. வாய்க்காலின் ஓரத்தில் மிச்சமிருக்கிற குறுகிய இடத்தில்தான் நடக்கிறோம். ஒரு பக்கம் சத்தமில்லாமல் வேகமாக ஓடுகிற கருப்புத் தண்ணீர், பிடித்துக்கொள்ளத் தடுப்புக் கம்பி, மறுபக்கம் கரடுமுரடான சுவர், தலைக்கு மேல் சொட்டுகிற பாறை. உயரமானவர்கள் குனிய வேண்டும். அங்கங்கே சுவரில் ஜன்னல் மாதிரி வெட்டி விட்டிருப்பதால் சட்டென்று வெளிச்சமும், அதன் வழியே பள்ளத்தாக்கும் தெரியும். அடுத்த நொடி கண் இருட்டிவிடும். ஒரு கை கம்பிக்கு. கைப்பேசியை விளக்காகப் பிடித்தால் அந்தக் கை போய்விட்டது. தவறினால் கைப்பேசி வாய்க்காலோடு மின் நிலையத்துக்குப் போய்ச் சேரும். உள்ளே அடைபட்ட இடத்தில் பயம் உள்ளவர்கள் யாராவது குழுவில் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அருவியைப் பார்த்துவிட்டு அவர்கள் அங்கேயே காத்திருப்பதில் தப்பில்லை.

12.30. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் எதிர்பார்க்கவே முடியாத அமைதி. பைன் மரங்களுக்கு நடுவே அகுவாஸ் நெக்ராஸ் ஏரி. பெயருக்குக் 'கருந்தண்ணீர்' என்று பொருள், ஆனால் நிறம் பச்சை. சிறிய அணை போட்டுத் தேக்கியது. பக்கத்திலேயே மலையின் அடியிலிருந்து ஊற்று கொப்பளிக்கிறது. காலையிலிருந்து கூடவே வந்த ஆறு பிறப்பது இங்கேதான். நேரமும் தெம்பும் இருந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி வால்தெஅசோரெஸ் ஏரி வரைக்கும் போகலாம். சாப்பிடுங்கள், படுங்கள். 1.30க்கு எழுந்துவிடுங்கள்.

என் மூன்று மணிக் கதை

முதல்முறை நான் போனது அக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை. அந்த ஞாயிறு விடியற்காலைதான் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். ஏழரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்று முந்தைய வாரத்துக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாகக் காபி குடித்து, பதினொன்றரைக்கு நடக்கத் தொடங்கினோம். ஏரிக்கு வந்தபோது மூன்றே முக்கால். ஆறே காலுக்கே சூரியன் போய்விட்டது. இடுக்குப் பக்கம் வரும்போது ஒன்றும் தெரியவில்லை. சுரங்கத்தில் விளக்காக எரிந்த இரண்டு கைப்பேசிகளில் ஒன்று அணைந்துவிட்டது, இன்னொன்றில் ஒன்பது சதவீதம். பலகைப் பாதையை விட்டுவிட்டு மண்பாதையிலேயே, ஆற்றின் சத்தத்தை ஒரு காதில் வைத்துக்கொண்டு நடந்தோம். புதரில் ஏதோ ஒன்று கனமாக ஓடியது. என்னவென்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டியைப் பார்த்தபோது ஏழரை. அடிபடவில்லை, வழி தவறவில்லை. மண்பாதை அகலமாக இருந்ததால் தப்பித்தோம். அதே இருட்டு மேல்பாதையில் பிடித்திருந்தால் கதை வேறு.

இறக்கம்

இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். கல்பாதையில் வேகம் எடுக்காதீர்கள். கைத்தடி இருந்தால் இப்போது எடுங்கள். மின் நிலையம் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகட்டும், அதன்பின் மண்பாதையில் வேகமாகப் போய்விடலாம். மொத்தம் போய்வர 22 கிலோமீட்டருக்குக் குறையாது. வசந்தத்தில் உயரமான புல்லுக்குள் உட்கார்ந்திருந்தால், வண்டியில் ஏறும் முன் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பாருங்கள், உண்ணி ஒட்டியிருக்கலாம். வண்டிக்கு வரும்போது மணி ஐந்தாகியிருக்கும், கொலைப் பசி எடுக்கும். கிராமத்தில் உணவகம் திறந்திருப்பது போலத் தெரியும். உள்ளே போனால் காபியும் பீரும்தான் கிடைக்கும். மதியச் சமையல் நான்கு மணிக்கே முடிந்திருக்கும், இரவுச் சமையல் எட்டரைக்கு முன் தொடங்காது. அதனால் காலையிலேயே இரண்டாவது பொகதில்யோ ஒன்றை வாங்கி வண்டிக்குள் மறைவாக வைத்துவிடுங்கள். நரி கண்ணில் படாமல்.